வாயில் வராத பாதிப் பெயர்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது சலவைக்கூடம். படுக்கை விரிப்புகளும் அறுவை அறையின் பச்சைத் துணிகளும் மேல்மாடிகளிலிருந்து ஒரு பெரிய குழாய் வழியாக மூட்டை மூட்டையாக வந்து விழும். ஒரு பக்கம் துவைக்கும் எந்திரங்கள், எதிர்ப்பக்கம் உலர்த்தும் எந்திரங்கள், நடுவே இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் இஸ்திரி உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காகிதம் போல வழவழவென்று வெளியே வரும். கொடுக்கிற கை கொஞ்சம் கோணினாலும் விரிப்பு சுருண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும், கூடமே நின்றுவிடும். கோணாத அந்தக் கை இஸ்திரி அக்காவுடையது.

இஸ்திரி அக்கா என்பது அவரைத் தெரிந்த தமிழர்கள் வைத்த பெயர். சலவைக்கூடத்தில் அவருக்கு வேறு பெயர். அங்கே ஆட்களைக் குடும்பப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். யாருக்கு எந்த எந்திரம் என்று மேற்பார்வையாளர் காலையில் வெள்ளைப்பலகையில் எழுதுவார். உருளைக்கு நேராக அவர் எழுதுவது ஓர் ஆணின் பெயரை. அக்காவின் கணவர் பெயர் அது. எந்திரச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் மேற்பார்வையாளர் அதை அடித்தொண்டையிலிருந்து கத்துவார். அக்கா திரும்பிப் பார்ப்பார்.

"அவரைக் கூப்பிடுறாங்க, நான் போய் நிக்கிறேன்" என்று அக்கா சிரிப்பார். "அவரு என்னடான்னா அந்நேரம் பஸ் ஓட்டிக்கிட்டு எங்கயோ சிக்னல்ல நிப்பாரு. நாள் முழுக்க இங்க திட்டு வாங்குறது அவரு பேரு."

இது எப்படி நடந்தது என்பது நம்மவர்களுக்கு விளக்காமலே புரியும். பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு ஒரு பெயரும் அதன் முன்னால் ஒற்றை எழுத்தும் இருந்தன. அந்த எழுத்து அப்பாவுடையது. கல்யாணமானதும் எழுத்தை மாற்றினார்கள். அப்பா இறங்கிக்கொண்டார், கணவர் ஏறிக்கொண்டார். யாரும் அக்காவைக் கேட்கவில்லை. கடவுச்சீட்டுக்கு அலைந்த ஏஜெண்ட், ஒற்றை எழுத்து வெளிநாட்டில் செல்லாது என்று சொல்லி அதை முழுப்பெயராக விரித்து எழுதினார். அவரும் கேட்கவில்லை. வந்து இறங்கிய நாட்டில் கடைசியாக நிற்கும் பெயர் எதுவோ அதுவே குடும்பப்பெயர். அங்கே கேட்பதற்கு யாருக்கும் நேரமில்லை. ஓர் எழுத்தாக உள்ளே நுழைந்த ஆள் இப்படித்தான் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு பெண்ணின் பெயருக்குக் காவலாக எப்போதும் ஓர் ஆணை நிறுத்திவைக்கிற இந்த ஏற்பாட்டை நாம் பண்பாடு என்கிறோம். அவர்கள் நிர்வாக வசதி என்கிறார்கள். காவலில் இருப்பவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் அக்காவின் சிக்கல் அதுவல்ல. அவர் தன் கணவர் பெயரை வாழ்நாளில் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை.

வீட்டில் கணவர் "என்னங்க". பிள்ளை பிறந்த பிறகு "பாப்பா அப்பா". மூன்றாம் மனிதரிடம் "எங்க வீட்டுக்காரர்". வங்கியில் பெயர் கேட்டால் அக்கா அட்டையை நீட்டுவார். மருத்துவரிடம் போனால் சந்திப்புச் சீட்டை நீட்டுவார். தொலைபேசியில் யாராவது முழுப்பெயர் கேட்டுவிட்டால் எழுத்தெழுத்தாகச் சொல்லுவார். எழுத்துகளில் பாவம் இல்லை போலும். அவை கைகோத்தால்தான் குற்றம்.

அக்கா பெரிய பக்தை அல்ல. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்ற கதையைக் கேட்டால் அவரே சிரிப்பார். "அப்படின்னா பஸ் டிப்போல தினமும் அவரு பேரைச் சொல்றவங்க எல்லாம் சேர்ந்து அவரை எப்பவோ முடிச்சிருப்பாங்களே" என்பார். பிறகு ஏன் சொல்வதில்லை என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "வாய் வரல. அவ்வளவுதான்."

இது ஒரு பெரிய தொல்லை. மூடநம்பிக்கை என்றால் வாதாடி உடைக்கலாம். நம்பிக்கையே இல்லாமல் பழக்கம் மட்டும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எதைப் போட்டு உடைப்பது?

இந்த வாயால்தான் அக்கா குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே காலத்தை ஓட்டினார். கணவர், அதாவது டிரைவர், எப்போதோ வாங்கிவிட்டார். மகள் பாப்பாவும் வாங்கிவிட்டாள். அவள் இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், இன்னமும் எல்லாருக்கும் பாப்பாதான். அக்கா மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். "அவளுக்கு ஊர்ப்பாசம்" என்று டிரைவர் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். ஊர்ப்பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. நேர்காணலில் முழுப்பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும், உறுதிமொழி எடுக்கும்போது மறுபடியும் சொல்லவேண்டும் என்று யாரோ சொல்லி அக்கா கேட்டிருந்தார்.

பிறகு சலவைக்கூடத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து மருத்துவமனையே திரும்ப எடுத்துக்கொள்ளப்போவதாகச் செய்தி வந்தது. நிரந்தர வேலை, விடுப்பு, ஓய்வூதியம். ஆனால் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் போகலாம். அத்தனை வருஷம் அதே உருளையில் கையைச் சுட்டுக்கொண்டவருக்கு, நோயாளியின் ரத்தம் காய்ந்த துணியை உதறி விரித்தவருக்கு, திடீரென்று தகுதியில்லை. துணிக்கு யார் எந்த நாடு என்று தெரியாது. தெரியவேண்டியதெல்லாம் அலுவலகத்துக்குத்தான். அக்கா விண்ணப்பத்தைப் போட்டார்.

நேர்காணல் அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி, கண்ணாடிக் கதவு. அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைமுடியின் மேல் ஏற்றிவைத்திருந்தார். டிரைவர் கதவுக்கு வெளியே நடைவழியில் இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வாங்க. முதல்ல உங்க முழுப்பெயரைச் சொல்லுங்க."

அக்கா தன் பெயரைச் சொன்னார்.

"சரி. அப்புறம்?"

அக்கா அட்டையை மேசைமேல் வைத்து மெல்லத் தள்ளினார்.

"அட்டையில இருக்கிறது எனக்கும் தெரியும். நீங்க சொல்லணும். ஆள் நீங்கதான்னு பதிவு பண்றோம்."

அக்கா எழுத்தெழுத்தாகச் சொன்னார். கடைசி எழுத்துவரை நிதானமாகவும் சரியாகவும் சொன்னார்.

"ரொம்ப நல்லது. இப்ப அதைச் சேர்த்துச் சொல்லுங்க."

அக்காவின் உதடு பிரிந்து, மூடிக்கொண்டது. கண் தானாகக் கதவுப் பக்கம் போனது. வெளியே டிரைவர் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றிருந்தார். இவள் ஏதோ கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கிறாள் என்று நினைத்து, புருவத்தை உயர்த்தி, விரலை ஆட்டி, "சொல்லு, சொல்லு" என்று சைகை காட்டினார். அவர் முகம் இயல்பிலேயே கொஞ்சம் முரட்டு முகம். அக்கறை வந்தால் இன்னும் முரடாகும்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவின் திரையை இறக்கினார். திரும்ப வந்து உட்கார்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"அவர் யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் பெயர்?"

அக்கா தப்பிக்கப் பார்த்த கேள்வி சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்துவிட்டது.

"அதுவும் அதேதாங்க" என்றார்.

"எது?"

"நான் இப்ப சொல்லாம விட்டேன்ல, அது."

அதிகாரி கையை நீட்டி அக்காவின் கைமேல் வைத்தார். "பயப்படாதீங்க. இந்த அறைக்குள்ள உங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

"எனக்குப் பயமெல்லாம் இல்லைங்க."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

வெளியே இன்னொரு அதிகாரி டிரைவரைத் தனியறைக்குக் கூட்டிப்போனார். மனைவியின் சம்பளம் யார் கைக்குப் போகிறது, அவள் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, அவள் தனியாக வெளியே போவதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எல்லாம் பீரோல இருக்கு சார். பீரோ சாவி அவகிட்டதான் இருக்கு. நான் என் சட்டையை எடுக்கவே அவளைத்தான் கேக்கணும்" என்றார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார்கள். மறுபடி வர ஒரு நாள் குறித்தார்கள். அன்றைக்குக் கணவர் கட்டடத்துக்குள் வரக்கூடாது. கிளம்பும்போது அந்தப் பெண்மணி அக்காவிடம் ஒரு சின்ன மடிப்புத்தாளைக் கொடுத்தார். "இன்னொண்ணு. குடியுரிமையோட சேர்த்து நீங்க வேற பெயரும் வச்சுக்கலாம். சட்டப்படி அதுதான் உங்க பெயர் ஆகும். பழசை வச்சுக்கணும்னு கட்டாயமில்ல. யாரையும் கேக்கவேண்டாம். நீங்க மட்டும் யோசிங்க."

நீங்க மட்டும் யோசிங்க. இப்படி ஒரு வேலையை அக்காவுக்கு யாரும் அதுவரை கொடுத்ததில்லை. எப்படிச் செய்வதென்றே தெரியவில்லை.

வழியெல்லாம் டிரைவர் சொந்தக் காரைப் பேருந்து போலவே ஓட்டினார். சிக்னலில் கிளம்புமுன் ஆள் ஏறியாச்சா என்று கண்ணாடியைப் பார்க்கிற பழக்கம். "இத்தனை வருஷமா பஸ் ஓட்டுறேன். ஒரு பயணி, ஒரே ஒரு பயணி என்னைப் பார்த்துப் பயந்ததுண்டா? அந்த ஆள் என்னை ஏதோ கொலைகாரன் மாதிரி பார்க்கிறான்."

"உங்களை யாரு கண்ணாடில மூஞ்சியை வச்சு ஆட்டச் சொன்னது?"

"உனக்கு ஒத்தாசை பண்ணலாம்னு நின்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

இரவுச் சாப்பாட்டின்போது பாப்பா அந்த மடிப்புத்தாளை எடுத்து விரித்தாள். அது தமிழிலும் இருந்தது. எங்கோ உட்கார்ந்து யாரோ மொழிபெயர்த்த தமிழ். "'உங்கள் துணைவர் உங்கள் பணத்தைக் கட்டுப்படுத்துகிறாரா?' அப்பா, கட்டுப்படுத்துறீங்களா?"

"என் பணத்தையே நான் பார்த்ததில்ல."

"'உங்கள் துணைவர் நண்பர்களைச் சந்திக்கத் தடை விதிக்கிறாரா?'"

"எதிர்வீட்டம்மா வந்தா இவதான் என்னை எந்திரிச்சு உள்ள போகச் சொல்றா."

பாப்பா சிரித்துக்கொண்டே அடுத்ததைப் படித்தாள். "'உங்கள் துணைவர் உங்களைப் பெயர் சொல்லி அழைக்க மறுக்கிறாரா?'"

டிரைவர் தட்டைப் பார்த்தார்.

"மறுக்கிறதுன்னா என்ன அர்த்தம்?" என்றார் கடைசியில். "'இந்தாம்மா'ன்னு எவ்வளவு மரியாதையா கூப்பிடுறேன். இதுல மறுக்கிறது எங்க வந்துச்சு?"

அந்த அலுவலகம் ஆளைத் தப்பாகப் பிடித்தது. டிரைவர் கை ஓங்கியவரும் இல்லை, காசை ஒளித்தவரும் இல்லை. ஆனால் குற்றத்தைச் சரியாகவே பிடித்தது. ஒரே கூரையின்கீழ் ஒரே சோற்றைத் தின்று ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய இருவர் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. அவள் சொன்னால் அவமரியாதை என்று சொல்லி வளர்த்தார்கள். அவன் சொன்னால் அதிகாரம் குறையும் என்று யாரும் சொல்லவில்லை; ஆனாலும் அவன் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது கட்டளை, அவனைப் பொறுத்தவரை அது சோம்பல். இரண்டையும் ஒரே தராசில் வைத்து "அன்னியோன்யம்" என்று எடைபோட்டுக் கொடுக்க நம்மிடம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் அக்கா நின்றபோது டிரைவர் பின்னால் வந்தார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா? என் பேரு உனக்கு அவ்வளவு கசக்குதா?"

"கசந்தா துப்பியிருக்கமாட்டேனா? இத்தனை வருஷமா வாய்க்குள்ளயே வச்சிருக்கேன்."

"அப்ப ஒரு தடவை சொல்லிடு. வேலை முடிஞ்சுது. இங்க யாரு இருக்கா? நான் சொல்றேன், பின்னாலயே சொல்லு." அவர் தன் பெயரைத் தானே சொன்னார். நிறுத்தினார். மறுபடி சொன்னார். பாத்திரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அக்கா மூச்சை இழுத்தார். அவ்வளவு தூரம் வந்தது. பிறகு இருமல்தான் வந்தது.

"அப்பா, நீங்க அம்மா பேரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் பாப்பா வாசற்படியில் சாய்ந்தபடி.

"இதென்ன பெரிய விஷயம்?" என்று டிரைவர் நெஞ்சை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார். சொன்னார். அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிப்பது போல வந்தது. பாப்பா அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். டிரைவரும் சிரித்தார். அக்கா மட்டும் ஈரக்கையோடு நின்றார். சிரிப்பு வருகிறதா, வேறென்னவோ வருகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. தன் பெயர் அந்தக் குரலில் எப்படி இருக்கும் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறார். இப்படி இருக்கும் என்று நினைத்ததில்லை.

அதற்கடுத்த நாட்களில் அக்காவுக்கு வேலையில் கை ஓடவில்லை. உருளையில் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே யோசித்தார். கணவர் பெயரை எடுத்துவிட்டால் எதைப் போடுவது? அப்பா பெயரா? அப்பாவை நினைத்தால் நினைவுக்கு வருவது, பத்தாவது முடித்ததும் "போதும்" என்று சொன்ன ஒரு சொல்தான். அந்தச் சொல்லையா வாழ்நாள் முழுக்க வாலாகக் கட்டிக்கொண்டு அலைவது?

பாப்பா தன் அம்மாயி பெயரைப் போடலாம் என்றாள். "உங்க அம்மா பேரைப் போடுங்கம்மா. இப்பதான் எல்லாரும் போடுறாங்களே. அழகா இருக்கும்."

அது நல்ல யோசனையாகத் தோன்றியது. ஆனால் அக்காவுக்குத் தன் அம்மாவின் பெயர் உடனே நாக்குக்கு வரவில்லை. தெருவே அம்மாவை மூத்த மகன் பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்றுதான் கூப்பிட்டது. அப்பாவும் அப்படித்தான். அம்மாவின் சொந்தப் பெயரை அக்கா பார்த்தது ரேஷன் அட்டையில், பிறகு மயானத்தில் எழுதிக்கொடுத்தபோது. ஒரு மனுஷிக்குப் பெயர் வைத்து, அதைக் கடைசிவரை பிரித்துப் பார்க்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்குள் செய்தி கடல் கடந்து போய்விட்டது. டிரைவரின் அக்கா, அதாவது அக்காவின் நாத்தனார், தொலைபேசியில் வந்தார்.

"என்னம்மா, பேரை எடுக்கப்போறியாமே?"

"இன்னும் முடிவு பண்ணல அண்ணி."

"எங்க தம்பி என்னம்மா குறை வச்சான்? பேரை எடுத்துட்டா ஆளையே எடுத்துட்டான்னு நாலு பேரு பேசமாட்டாங்களா? நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கணுமே, பத்திரிகையில என்னன்னு போடுறது?"

"அப்படின்னா இருக்கட்டும்னு வச்சாலும் வாய்விட்டுச் சொல்லணுமாம் அண்ணி. ரெண்டு தடவை."

நாத்தனாரும் தன் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதில்லை.

"அங்க... சபைல வச்சா?"

"ஆமாம். ஒலிபெருக்கி எல்லாம் இருக்குமாம்."

"அய்யய்யோ" என்றார் நாத்தனார். கொஞ்சம் கழித்து, "எழுதிக் காட்டினா ஒத்துக்கமாட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஒத்துக்கமாட்டாங்க."

"என்ன நாடோ!" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். எடுக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. தீர்ப்பு சொல்ல வந்தவரே வழக்கில் மாட்டிக்கொண்டு போனார்.

அக்கா டிரைவரிடம் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க? எடுக்கட்டுமா, இருக்கட்டுமா?"

டிரைவர் நியாயமான மனிதர். ஆனால் நியாயம் எது என்று அவருக்கும் தெரியவில்லை. "இருந்தா நல்லாத்தான் இருக்கு" என்றார். "எடுத்தா என்னமோ மாதிரி இருக்கு. ஆனா எடுக்காதேன்னு சொன்னா, அந்தத் தாள்ல போட்டிருக்கிற ஆளு நான்தான்னு ஆயிடும். நீயே பார்த்துக்கோ. என்னைக் கேக்காதே."

"அந்த அம்மாவும் அதேதான் சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"ஆபீஸ்ல."

குறித்த நாளில் டிரைவர் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்திக்கொண்டார். அக்கா தன் அம்மா பெயர் என்று முடிவு செய்திருந்தார். பாப்பா அதைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். வழியெல்லாம் அக்கா அதை முணுமுணுத்தபடி வந்தார். வாயில் நன்றாகவே வந்தது.

அதே அறை, அதே பெண்மணி. கதவுத் திரை முன்கூட்டியே இறக்கப்பட்டிருந்தது.

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சேங்க."

"உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?"

"என்னைக் கேக்காதேன்னு சொன்னார்."

பெண்மணி அக்காவின் முகத்தை ஆராய்ந்தார். அந்தப் பதிலை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவருக்கு விளங்கவில்லை. "சரி. எந்தப் பெயர் வேணும்? முழுசாச் சொல்லுங்க."

அக்கா தன் பெயரைச் சொன்னார். அடுத்து அம்மாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். பெயர் தயாராக நின்றது. ஆனால் அதைச் சொன்னால் வந்து நிற்கப்போவது யார்? அந்தப் பெயரில் அடுப்படியில் யாரும் நின்றதில்லை. அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டு அம்மா "என்னது?" என்று திரும்பியதில்லை. மேற்பார்வையாளர் நாளைக்கு அதை அடித்தொண்டையிலிருந்து கத்துவார். அம்மாவை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறவர் சலவைக்கூடத்து மேற்பார்வையாளரா? அதுவும் உருளை சிக்கிக்கொண்டது என்று திட்டுவதற்காக?

அக்கா வாயை மூடிக்கொண்டார். பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். போன தடவை நடந்தது மறுபடி நடக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும்.

"என் பேரே போதுங்க" என்றார் அக்கா.

"ஒரு பெயர் மட்டுமா? இரண்டாவது கட்டத்தைக் காலியா விட முடியாது. கணினி ஏத்துக்காது. அதுல ஏதாவது ஒண்ணு வரணும்."

"அப்ப அதுலயும் அதையே போடுங்க."

"எதை?"

"என் பேரை."

பெண்மணி மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டு இடத்துலயும் ஒரே பெயரா? உங்க பெயருக்குப் பின்னாலயும் நீங்களே?"

"போடக்கூடாதா?"

"கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல." அவர் திரையில் எதையோ தேடிப் பார்த்தார். "உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதியெல்லாம் இல்லைங்க. ஆனா இது சொல்ல வருது."

அதை எப்படிப் பதிவது என்று பெண்மணி யோசித்தார். "உறுதி" என்ற கட்டத்தில் குறியிட்டார். "சொல்லுங்க" என்றார். அக்கா தன் பெயரைச் சொன்னார். உடனே இன்னொரு தடவை சொன்னார். கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

காரில் ஏறியதும் டிரைவர் கேட்டார், "அத்தை பேரைச் சொல்லிட்டியா?"

அக்கா நடந்ததைச் சொன்னார். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. சாவியைப் பிடித்தபடி எதிரே பார்த்தார்.

"அப்ப என் பேரு?"

"உங்ககிட்டயேதானே இருக்கு."

அவர் அதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தார். அதில் கோபப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருப்பார். "அது சரி" என்று வண்டியை எடுத்தார். பாதி வழியில், "உன் பேரு மட்டும் ரெண்டு" என்றார். இன்னும் கொஞ்சம் போனதும், "ஒண்ணு உபரியா கிடக்கு" என்றார். அது கிண்டலா வருத்தமா என்று அக்கா கேட்கவில்லை.

செய்தி பரவியது. பாப்பா தன் தோழிகளிடம், அம்மா அப்பன் பெயரும் வேண்டாம், புருஷன் பெயரும் வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிட்டாள் என்று சொல்லி மகிழ்ந்தாள். நாத்தனார் தன் உறவு முழுவதற்கும் தொலைபேசி போட்டு, அரசாங்கமே கேட்டும் தம்பி பெயரை அவள் வாயால் சொல்லவில்லை, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பத்தினியா என்று கண்ணீர் விட்டார். மடிப்புத்தாள் கொடுத்த பெண்மணி தன் கோப்பில், விண்ணப்பதாரர் துணைவரின் பிடியிலிருந்து விடுபடும் முதற்படி எடுத்துள்ளார் என்று எழுதியிருக்கக்கூடும். ஒரே செயல்தான்; மூன்று பேரும் அதைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள். பகுத்தறிவின் கணக்கில் வைக்க நமக்கும் கை நீளத்தான் செய்கிறது. ஆனால் அக்காவைக் கேட்டால் அவர் தோளைக் குலுக்குகிறார்.

"மரியாதைக்கா பண்ணீங்க, விடுதலைக்கா பண்ணீங்க?"

"வேலைக்குப் பண்ணினேன்" என்கிறார் முதலில். பிறகு, "தெரியல" என்கிறார். பிறகு, "ரெண்டும் இல்லாம இருக்கக்கூடாதா?" என்று நம்மையே கேட்கிறார்.

உறுதிமொழி எடுக்கும் மண்டபத்தில் பல மொழிக்காரர்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். எல்லாரும் சேர்ந்து சொல்லவேண்டும். ஆனால் பெயர் வரும் இடத்தில் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லவேண்டும். அந்த இடத்தில் மண்டபம் முழுக்க ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. அப்பன் பெயர்கள், பாட்டன் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், புருஷன் பெயர்கள் எல்லாம் சேர்ந்த இரைச்சல். அக்கா தன் பெயரைச் சொன்னார். மறுபடி அதையே சொன்னார். இத்தனை காலம் பாதியில் நின்று பழகிய வாய், நிற்கவேண்டியதில்லை என்று தெரிந்ததும் தேவைக்கு மேல் உரக்கச் சொல்லிவிட்டது.

முன்வரிசையில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். தடுமாறி ஆரம்பத்திலிருந்து சொல்கிறாள் என்று நினைத்தார் போலும். தன் கையிலிருந்த தாளில் அடுத்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இல்லைங்க, இவ்வளவுதான் என் பேரு" என்று அக்கா தமிழிலேயே சொன்னார். கிழவர் புரிந்ததுபோல் தலையாட்டினார். இருவரும் அடுத்த வரியைச் சொன்னார்கள்.